மறு: 9 அடி அகலப் பட்டாசாலையில் ஸ்பீக்கர் எங்கே வைப்பது?

அண்ணே, காரைக்குடி வீட்டுப் பட்டாசாலை (நீளக் கூடம்) 28 அடி நீளம், 9 அடி அகலம், நீளச் சுவரோட இரண்டு கோடியிலும் ஸ்பீக்கர், பாடுறவங்க குரல் கலங்கிக் கேக்குதுன்னு எழுதியிருந்தீங்க. அந்த இடமே வேண்டாம். குறுகிய சுவர்ப் பக்கம் மாத்துங்க, சத்தம் நீளவாக்கில் போகட்டும். பின்சுவரை விட்டு 3 அடி, பக்கச் சுவரை விட்டு 2 அடி, நடுவில் 5 அடி. லேசா உங்களைப் பார்த்துத் திருப்பி வைங்க.

நாற்காலியை ஸ்பீக்கரிலிருந்து 6, 7 அடியில் போடுங்க. இடம் கிடக்கேன்னு மறுகோடிக்குப் போகாதீங்க. அறையோட சரிபாதியும் ஆகாது, அங்க 60 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் காணாமப் போகும்.

மிச்சக் கலக்கம் சுவரால. நடுவில் நின்னு கை தட்டுங்க. 'டிர்ர்'னு இழுத்தா, இரண்டு சுவருக்கும் நடுவில் ஒலி பந்தாடுதுன்னு அர்த்தம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழன்னு இழைச்ச சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். இரண்டும் ஒலியை உறிஞ்சுற சாதியே இல்லை. நீங்க உட்கார்ந்துக்கிட்டு, ஒருத்தரைப் பக்கச் சுவரோரமாக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்க. ஸ்பீக்கர் தெரியுற இடத்தில் கனமான ஜமுக்காளத்தை இரண்டா மடிச்சுத் தொங்கவிடுங்க. கண்டாங்கிச் சேலை பார்க்க அழகு, இதுக்குப் பத்தாது. தரையிலும் உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒண்ணு விரிங்க.

ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க, ஸ்டாண்டில் தொங்கவிடுங்க. அந்தப் பூச்சு பெயர்ந்தா ஒட்டுப்போட்டது தனியாத் தெரியும்.