தத்துவம் படிக்கட்டும், கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல மதிப்பெண் எடுத்த மகள் பி.ஏ. தத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள், "சாமியாராகப் போகிறாளா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களை விடுங்கள். அறமும் சட்டமும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்ய ஆசை என்று அவள் சொன்னதாகக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறதே, என் கண் அதில்தான் நின்றது.

அந்த இடத்தில் வேலை செய்தவர் ஒருவரைச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த மேரி வார்னாக். 1978-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும், ஆய்வகத்தில் உருவாகும் கருவை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா என்ற சண்டை கிளம்பியது. 1982-இல் அரசு ஒரு குழு அமைத்து, அவரைத் தலைவராக்கியது. 'உயிர் எப்போது தொடங்குகிறது' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வழக்கு தீராது. குழு கேள்வியையே மாற்றியது: கருவை நாம் எப்படி நடத்துவது சரி? 1984 அறிக்கை 14 நாளில் கோடு போட்டது: அதற்கு மேல் கருவை ஆய்வகத்தில் வைத்து ஆராயக் கூடாது. ஏறத்தாழ 15-ஆம் நாளில்தான் கருவில் 'முதல் கீற்று', அதாவது உடல் உருவாகத் தொடங்குவதைக் காட்டும் மெல்லிய கோடு, தோன்றுகிறது. அதற்கு முன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் கூடும். நாள்களை எண்ணுவது எளிது என்பதால் சட்டத்துக்கும் வசதி. 1990-இல் அது பிரிட்டனில் சட்டமானது. இந்தியாவின் 2017 ஸ்டெம்செல் (குருத்தணு) ஆராய்ச்சி நெறிமுறைகளிலும் அதே 14 நாள்தான்.

இனி வீட்டுக் கணக்கு. தத்துவப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுவது கடினம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு பொதுவாக முதுகலையில் 55 சதவீதமும், அதோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும், இடங்களும் குறைவு. உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழி, மூன்றாண்டு பி.ஏ., அதன் மேல் மூன்றாண்டு எல்.எல்.பி. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படித்தால் ஓராண்டு மிச்சம்தான், ஆனால் அதில் தத்துவம் ஊறுகாய் அளவுக்குத்தான் வரும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரப் பொதுப்பிரிவினருக்குப் பட்டத்தில் குறைந்தது 45 சதவீதம் தேவை. தத்துவம்தானே என்று மதிப்பெண்ணில் அசட்டையாக இருக்கக் கூடாது.

குடிமைப் பணித் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கு 250 மதிப்பெண் தாள் உண்டு. அது உபரி லாபம். அதற்காகவே மூன்று வருடம் தத்துவம் படிப்பது வீண்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை. மீள முடியாத நோயாளியின் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சொன்ன தீர்ப்பு இணையத்தில் இருக்கிறது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். ஏதாவது இருபது பக்கத்தை மகளிடம் படிக்கக் கொடுங்கள். கொட்டாவி விட்டால் வேறு பாடம் பார்ப்போம். நீதிபதியோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தால், அவளையும் அழைத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.