பள்ளியில் போலீஸ் விசாரணை: மகனைத் தனியே அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் டல்லாஸ் அருகே எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம். 14 வயது மகனின் வகுப்பில் யாருடைய லேப்டாப்போ காணாமல் போய்விட்டது. திங்களன்று போலீஸ் அதிகாரி அவனிடம் பேசுவார் என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், உள்ளதைச் சொல்லிவிட்டு வா" என்று அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். தப்பே செய்யாத பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன். பயந்துபோன சிறுவன், கேட்பவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடுவான். விசாரணையில் போலீஸ் பொய் சொல்வதைக்கூட பல மாநிலங்களில் சட்டம் தடுப்பதில்லை.

அரசியல் சட்ட உரிமைகள் சிறுவர்களுக்கும் உண்டு என்பது சண்டை போட்டு வாங்கியது. 1964இல் அரிசோனாவில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாக ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையனைப் பிடித்துப் போனார்கள். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வைக்கவில்லை. வக்கீல் கிடையாது, புகார் சொன்ன பெண் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. அதே குற்றத்துக்குப் பெரியவர் என்றால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. இவனுக்கோ 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி. 1967இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றச்சாட்டைத் தெரிந்துகொள்வது, வக்கீல் வைத்துக்கொள்வது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, தனக்கு எதிராகப் பேச மறுப்பது ஆகிய உரிமைகள் சிறுவர்களுக்கும் உண்டு என்றது. வசதி இல்லையென்றால் வக்கீலை அரசே தரவேண்டும்.

ஆனால் பேச மறுப்பதும் வக்கீல் கேட்பதும் வாய்விட்டுச் சொன்னால்தான் கைகொடுக்கும். மௌனமாக உட்கார்ந்திருந்தால் போதாது என்று 2010இல் தீர்ப்பு வந்தது. "அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்பதும் வக்கீல் கேட்டதாக ஆகிவிடாது. பெற்றோர் உடனிருக்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் "ஐ வாண்ட் எ லாயர்" என்று மரியாதையாக, தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். அப்புறம் ஒரு வார்த்தையும் வேண்டாம். பேச மறுக்கலாம், பொய் மட்டும் சொல்லக்கூடாது.

காவலில் வைத்து விசாரிக்கும் முன் போலீஸ் இந்த உரிமைகளைப் படித்துக்காட்ட வேண்டும். பள்ளி அறைக்குள் கேட்டால் அது 'காவல்' ஆகுமா என்ற கேள்வி 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வட கரோலினாவில் 13 வயது மாணவனை வகுப்பிலிருந்து அழைத்துப்போய், மூடிய அறையில் அரை மணி நேரத்துக்கும் மேல் கேள்வி கேட்டிருந்தார்கள். எழுந்து போக முடியாது என்று பெரியவரைவிடச் சிறுவன் எளிதில் நினைத்துவிடுவான், எனவே வயதையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிரின்சிபால் தானாகக் கேட்டால் கதை வேறு. பொதுவாக உரிமைகளைப் படித்துக்காட்டும் கட்டாயம் அவருக்கு இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் பையையும் சோதிக்கலாம். தடுக்க வேண்டாம், "எனக்குச் சம்மதமில்லை" என்று சொன்னால் போதும். போனின் பாஸ்வேர்டைத் தரவேண்டாம். அதிலிருந்து எதையும் அழிக்கவும் கூடாது, அதுவே தனி வழக்காகிவிடும்.

நீங்களும் வீட்டில் துருவித் துருவிக் கேட்காதீர்கள். வக்கீலிடம் சொல்வது ரகசியம். பெற்றோரிடம் சொன்னதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

விசா பற்றி: சிறார் நீதிமன்றத் தீர்ப்பு பொதுவாகக் குடிவரவுச் சட்டத்தில் தண்டனையாகக் கருதப்படுவதில்லை. வழக்கு பெரியவர்கள் நீதிமன்றத்துக்கு மாறினால் நிலைமை வேறு. ஆகவே வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே விசா நிலையைச் சொல்லிவிடுங்கள். திங்களுக்கு முன்பே, வக்கீல் இல்லாமல் மகன் பேசமாட்டான் என்று பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.