பழைய மருந்துத் துண்டோடு பார்மசிக்குப் போகும் முன்

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 58 வயது, கச்சான் தோட்டத்தில் வேலை. இந்த வருடம் மூன்றாம் தடவையாகச் சலக்கடுப்பு. முதல் இரண்டு தடவையும் பழைய மருந்துத் துண்டைக் காட்டி சிப்ரோஃப்ளொக்சசின் என்ற கிருமிகொல்லிக் குளிசை வாங்கிக் கொடுத்தோம், சுகமானது. இம்முறை கேட்கவில்லை. உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா? இதைவிடக் கூடின மருந்து எது?”

பழகியது அம்மாவின் உடம்பு அல்ல, கிருமி. சலத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற கிருமி நம் குடலிலேயே இருப்பது. நீங்கள் கொடுத்த குளிசை குடலுக்கும் போயிருக்கும். வயலுக்கு ஒவ்வொரு போகமும் ஒரே களைநாசினியை அடித்தால் என்ன நடக்கும் என்று அம்மாவுக்கே தெரியும்: சாகாத புல்தான் அடுத்த போகத்தில் விதை போடும். கிருமி இன்னும் ஒரு படி மேல். தப்பிக்கும் வித்தை எழுதிய மரபணுத் துண்டைப் பக்கத்துக் கிருமிக்கும் அது கொடுத்துவிடும். சலக் கல்ச்சர் (சலத்திலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் ஈ.எஸ்.பி.எல் என்று இருந்தால், செஃபுரொக்சிம், செஃபிக்சிம் போன்ற மருந்துகளை வெட்டிப்போடும் நொதியம் அந்தக் கிருமியிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே கூடின மருந்தைத் தேடாதீர்கள், பொருந்துகிற மருந்தைத் தேடுங்கள். 1953 முதல் பாவனையில் உள்ள நைட்ரோஃபியூரன்டொயின் இன்றும் பல ஈ.கோலைக்குக் கேட்கிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது சலத்தில் போதியளவு சேராது. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்க்காமல் அதையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

முக்கியமானது இதுதான். அடுத்த குளிசையைப் போடும் முன் சலத்தைக் கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஆய்வுகூடம் தரும் போத்தலில் பிடித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் சேர்ப்பியுங்கள். ஏற்கெனவே குளிசை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். கடுப்புத் தாங்க முடியாவிட்டால் வைத்தியர் ஒன்றைத் தொடங்கி, முடிவு வந்ததும் மாற்றுவார். பழைய துண்டுகளைக் கொண்டுபோங்கள், மருந்து வாங்க அல்ல, எதெது கொடுத்தாயிற்று என்று காட்ட.

நடுங்கிக் காய்ச்சல், விலாவில் நோ, சத்தி என்றால் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீனி அளவையும் பாருங்கள். மாதவிடாய் நின்றபின் அடிக்கடி வரும் தொற்றைப் பெண்ணுறுப்பில் பூசும் ஈஸ்ட்ரஜன் கிரீம் குறைக்கும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், தயவுசெய்து கேளுங்கள். இன்னொன்று, தோட்டத்தில் மலசலகூடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் பொழுதுபடும் வரை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். அம்மாவும் அப்படியா என்று இன்றைக்கே கேளுங்கள். இருதய, சிறுநீரக நோய் இல்லையென்றால், வழக்கத்தைவிட ஒன்றரை லீற்றர் கூடக் குடிக்கட்டும்.