கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சூப்பர்வைசர் ஆக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஆபரேட்டராக இருந்து மேலே வர என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பம்ப், வால்வு எல்லாம் ஏற்கெனவே கைவந்திருக்கும். இனி எண்களைப் படிக்கப் பழகுங்கள். காற்றூட்டும் தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் பிடித்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சேறு 300 மில்லியில் நின்று, எம்.எல்.எஸ்.எஸ். (அந்தத் தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவு) லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், அதாவது 3 கிராம் என்றால் சேற்றுக் குறியீடு (ஒரு கிராம் சேறு படிந்தபின் எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற கணக்கு) 100, நல்ல நிலை. 150-ஐத் தாண்டினால் சேறு சரியாகப் படியாமல் தெளிந்த நீரோடு வெளியேறப் பார்க்கும். அப்போது தொட்டி நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் விட முக்கியம், கழிவுநீரில் உருவாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அழுகிய முட்டை வாடையே தெரியாது. வாயுமானியால் சோதிக்காமல், பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள், மேலதிகாரி சொன்னாலும் சரி. கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் சாக்கடை, கழிவுத் தொட்டிகளை ஆளை வைத்துச் சுத்தம் செய்வதையும் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.