எம்.ஓ.டி. பரிசோதகர்கள் ஆண்டுப் பயிற்சியை மார்ச் கடைசி வாரத்தில் முடித்தால் போதாதா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் ஒரு கராஜில் நான்காம் வகுப்பு வாகனங்களுக்கு (கார், சிறு வேன் முதலியன) எம்.ஓ.டி. எனப்படும் கட்டாயச் சாலைத் தகுதிப் பரிசோதனையைச் செய்பவர். பரிசோதகர்கள் ஆண்டுதோறும் எழுத வேண்டிய மதிப்பீட்டுத் தேர்வை மார்ச் கடைசி வாரத்தில் இணையத்தில் எழுதி முடித்துவிடலாமா, தவறினால் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறார். நானும் அதே தொழிலில் இருப்பவன் என்பதால் பதில் எழுதுகிறேன். விதிப்படி எழுதலாம். ஆனால் மார்ச்சுக்கு ஒதுக்கி வைப்பது தொழில் தெரிந்தவர் செய்யக்கூடிய காரியம் அன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தேர்வு வேறு, பயிற்சி வேறு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒவ்வொரு பயிற்சி ஆண்டிலும் குறைந்தது 3 மணி நேரமும், 5 ஆண்டுகளில் மொத்தம் 16 மணி நேரமும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்தப் பரிசோதனைகளை மேற்பார்வையிடும் அரசு முகமையான டி.வி.எஸ்.ஏ. வகுத்த விதி. ஆண்டுக்கு மூன்று மணி நேரம் மட்டும் செய்துகொண்டே போனால் ஐந்தாண்டில் பதினைந்துதான் சேரும் என்பதைப் பலர் கணக்குப் பார்ப்பதே இல்லை. தேர்வு என்பது அந்தப் பயிற்சியின் முடிவில் வருவது. 30 கேள்விகளில் 80 விழுக்காடு, அதாவது 24 சரியான விடைகள் தேவை. 2016இல் இந்த முறை தொடங்கியபோது தேர்ச்சிக்கு 50 விழுக்காடே போதுமானதாக இருந்தது. பின்னர் படிப்படியாக உயர்த்தினார்கள். அதற்கு முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வகுப்புக்குப் போய் உட்கார்ந்து வந்தால் போதும் என்றிருந்த காலத்தை நினைத்து ஏங்குபவர்களை இன்றும் கராஜ்களில் பார்க்கலாம். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ஐந்து ஆண்டில் பரிசோதனைக் கையேடு எத்தனை முறை மாறிவிடுகிறது!

தேர்வில் தேறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறான எண்ணம். பயிற்சி பெற்ற தேதி, எடுத்துக்கொண்ட நேரம், படித்த தலைப்பு, அதில் கற்றுக்கொண்டது, உங்கள் பெயர், பரிசோதனை முடிவுகளைப் பதியும் எம்.ஓ.டி. கணினிச் சேவையில் உங்கள் பயனர் எண் ஆகியவற்றைப் பதிவாக எழுதி 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கராஜுக்கு வரும் வாகன ஆய்வு அலுவலர் கேட்டால் காட்ட வேண்டியது இந்தப் பதிவையும் சான்றிதழையும் சேர்த்துத்தான். சான்றிதழ் விவரங்களையும் மதிப்பெண்ணையும் கணினிச் சேவையில் பதிந்தாயிற்றா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிள்கள் அடங்கிய ஏ பிரிவு, கார்களும் வேன்களும் அடங்கிய பி பிரிவு ஆகிய இரண்டையும் பரிசோதிப்பவர் இரண்டுக்கும் தனித்தனியே தேர்வு எழுத வேண்டும்.

இனி மார்ச் ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன். புதிய பதிவெண் தகடுகள் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவருவதால் அந்த இரு மாதங்களில்தான் புதுக்கார் விற்பனை குவிகிறது. மூன்றாண்டு கழித்து முதல் எம்.ஓ.டி.க்கும், அதன்பின் ஆண்டுதோறும், அவை அதே மாதத்தையொட்டித் திரும்பி வருகின்றன. ஆகவே பயிற்சி ஆண்டு முடிவதும் பரிசோதனை மேடை ஓய்வின்றி இயங்குவதும் ஒரே மாதத்தில். நாள் முழுவதும் வாகனத்துக்கு அடியில் நின்றுவிட்டு இரவில் கேள்விகளுக்கு விடை தேடுபவர் எதையும் கற்கப் போவதில்லை; எப்படியாவது 24ஐ எட்டப் பார்ப்பார், அவ்வளவுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அந்த ஆண்டுக்கான தலைப்புகள் அறிவிக்கப்பட்டதும் கோடையிலேயே தொடங்கி, அவ்வப்போது அரை மணி நேரம் ஒதுக்கிக் கையேட்டின் உரிய பகுதியையும் டி.வி.எஸ்.ஏ. வெளியிடும் சிறப்பு அறிவிப்புகளையும் படித்து, எழுந்திருக்கும் முன்பே பதிவை எழுதிவிடுவேன். ‘பிரேக் படித்தேன்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘2010 செப்டம்பர் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்குக் கால் பிரேக்கின் திறன் குறைந்தது 58 விழுக்காடு, அதற்கு முந்தையவற்றுக்கு 50’ என்று எழுதினால் அடுத்த முறை பிரேக்கைச் சோதிக்கும் ரோலரில் கார் ஏறும்போது அது நினைவுக்கு வரும். அறிவிக்கப்பட்ட தலைப்புகளோடு நின்றுவிடவும் வேண்டாம். கணினிச் சேவையில் உங்கள் சோதனைத் தரத் தகவல் இருக்கிறது. நாட்டின் சராசரியோடு உங்கள் தோல்வி விகிதம் எங்கே விலகி நிற்கிறது என்பதை அது காட்டும். பிறர் சஸ்பென்ஷனில் கண்டுபிடிக்கும் குறைகளில் பாதியைக்கூட நீங்கள் கண்டுபிடிப்பதில்லை என்றால் உங்கள் மூன்று மணி நேரம் செல்ல வேண்டிய இடம் அதுவே.

தேதி தவறினால் ஏப்ரல் 1 முதல் நீங்கள் பரிசோதனை செய்ய முடியாது. பிறகு பயிற்சியையும் தேர்வையும் முடித்து, டி.வி.எஸ்.ஏ.க்கு விண்ணப்பித்து, அவர்களுடைய அலுவலர் முன்னிலையில் ஒரு வாகனத்தை முழுமையாகப் பரிசோதித்துக் காட்டிய பின்பே அனுமதி திரும்பக் கிடைக்கும். தேர்வை ஒரே மாலையில் முடித்துவிடலாம். அலுவலர் வரும் நாளை நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஒரே பரிசோதகர் உள்ள கராஜில் அதுவரை மேடை வெறுமனே கிடக்கும், முன்பதிவு செய்தவர்கள் வேறிடம் போவார்கள். அதனால் முதலாளிகளும் இதைப் பரிசோதகரின் சொந்த விஷயம் என்று விட்டுவிடாமல், கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒவ்வொருவரின் சான்றிதழையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இடைப்பட்ட நாட்களில் சக பரிசோதகரின் கணக்கில் நுழைந்து நீங்கள் பார்த்த வாகனத்தைப் பதிந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி தாமதமானால் தற்காலிகத் தடையோடு போகும். பிறர் கணக்கைப் பயன்படுத்துவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம், அதில் இருவரின் அனுமதியும் பறிபோகலாம்.