பிளஸ் டூ நடுவில் ‘கணக்கை விட்டுவிடலாமா?’ என்று கேட்கும் பெற்றோருக்கு

காலாண்டுத் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் பயோ-மேத்ஸ் குரூப் (உயிரியலும் கணக்கும் சேர்ந்த பாடப்பிரிவு) வீடுகளில் கிளம்பும் கேள்வி இது. “டாக்டருக்குத்தானே படிக்கப் போகிறாள், கணக்கு எதற்கு? எழுதாமல் விட முடியாதா?”

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் முடியாது. குரூப் மாற்றம் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டில் ஆறு பாடத்தையும் எழுத வேண்டும், ஆறிலும் தேற வேண்டும். நீட்டில் எவ்வளவு எடுத்தாலும் பிளஸ் டூ தேர்ச்சி இல்லாமல் சேர்க்கை கிடையாது. திறந்தநிலைப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் அவசரப்படாதீர்கள். மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி வருடம் வெளியே போனால் அது போய்விடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே ஐந்து பாடம் முதன்மை, ஆறாவது கூடுதல். முதன்மைப் பாடம் ஒன்றில் தவறி, ஆறாவதில் தேறியிருந்தால் விதிகளுக்கு உட்பட்டு அது ஈடாக எடுத்துக்கொள்ளப்படும். பிள்ளையின் பதிவில் கணக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் முதலில் கேளுங்கள். கூடுதல் பாடமே எடுக்காதவருக்கு இந்தப் பிடிமானம் இல்லை.

ஆக, கணக்கை விடுவதா என்பதல்ல, அதில் எவ்வளவு மதிப்பெண்ணுக்குக் குறி வைப்பது என்பதே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. அதற்குமுன் எந்தப் படிப்பு கணக்கைக் கேட்கிறது என்று பாருங்கள். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குக் கணக்கு மதிப்பெண் வேண்டாம். பொறியியல் கட்-ஆஃபில் (சேர்க்கைத் தரவரிசைக்கான மதிப்பெண்) மட்டும் 200-க்குப் பாதி கணக்குதான்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலிலும் வேதியியலிலும் நூற்றுக்கு 60 (50-க்கு மாற்றினால் தலா 30) எடுத்த பிள்ளை கணக்கில் 35 என்றால் கட்-ஆஃப் 95. அதே பிள்ளை கணக்கில் 70 எடுத்தால் 130. பி.டெக். பயோடெக்னாலஜிக்கும் இதே கட்-ஆஃப்தான். ‘பயோ’ என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வீட்டில் தெளிவான பதில் இருந்தால் மட்டுமே கணக்கைத் தேர்ச்சி அளவுக்கு இறக்குங்கள். ‘அப்போது இன்ஜினியரிங் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் பதில் என்றால் இறக்காதீர்கள்.

இன்னொன்று. நீட்டின் 180 கேள்விகளில் 45 இயற்பியல், 720-க்கு 180 மதிப்பெண். அதில் கணக்கீட்டு வினாக்கள் நிறைய. வெக்டர், வகையிடல், மடக்கை தெரியாமல் அவை நகராது. கணக்கை ஒரேயடியாகக் கைகழுவியவர்கள் பெரும்பாலும் இயற்பியலில் இடறுகிறார்கள்.

தேர்ச்சி மட்டும் போதும் என்று முடிவானால், வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 25, மொத்தத்தில் 35 வேண்டும். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 20. இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் பத்துப் பத்து கொடுத்து ஏழு ஏழு எழுதச் சொல்வார்கள், அவற்றில் தலா ஒன்று கட்டாயம். ஐந்து மதிப்பெண் ஏழு, எல்லாம் ‘அல்லது’ வகை. ஒரு மதிப்பெண்ணில் 12, இரண்டு மதிப்பெண்ணில் நான்கு வினா, ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு வினா சரியாக வந்தால் 30. தயாரிப்பில் குறி மட்டும் 40-ஆக இருக்கட்டும், தேர்வறைப் பதற்றத்தில் பத்து போகும்.

முதலில் காலாண்டுத் தாளை எடுத்து, போன மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: தொடவே இல்லை, சூத்திரம் மறந்தது, கூட்டல் கழித்தலில் பிசகியது. மூன்றாவது வகைக்குத் தினம் அரை மணி நேரம் எழுதிப் பழகினாலே போதும், டியூஷன் தேவையில்லை. ‘தொடவே இல்லை’ அதிகம் என்றால் காரணம் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு: முக்கோணவியலும் வகையிடலும் நிற்கவில்லை. நுண்கணித இயல்களை இப்போது துரத்தாதீர்கள். அணிகள், கலப்பு எண்கள், தனிநிலைக் கணிதம் இவற்றைப் பிடியுங்கள். கிராமரின் விதி, காஸ்ஸியன் நீக்கல் முறை இரண்டும் படி மாறாமல் செய்தால் வந்துவிடும். இடையில் எண் தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

தனிநிலைக் கணிதம் புத்தகத்தின் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இயல். பள்ளியில் அது கடைசியில்தான் வரும், செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஓட்டமாக ஓடிவிடும். ஆனால் மெய்மை அட்டவணைக்கும் ஈருறுப்புச் செயலிக்கும் முந்தைய பாடம் எதுவும் அவ்வளவாகத் தேவையில்லை. அக்டோபரிலேயே வீட்டில் முடித்துவிடலாம்.

ஒரு மதிப்பெண்ணுக்கு இயல் இறுதி வினாக்களை விடையை மட்டும் மனப்பாடம் செய்வது பழக்கமாகிவிட்டது. எண்ணை மாற்றிக் கேட்டால் அது கவிழ்ந்துவிடும். ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். தவறான விடைக்கு இங்கே மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே இருபதில் ஒன்றைக்கூட வெறுமையாக விடக்கூடாது. நீட் பயிற்சியில் தெரியாததை விடச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொள்கிறது.

நேரம்: வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி. அரையாண்டில் எழுத்துத் தேர்வில் 30-ஐத் தொடவில்லை என்றால் ஜனவரியில் ஆறு நாளாக்குங்கள், நீட் மாதிரித் தேர்வு ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகும் மார்ச்சில் தவறினால், அந்த ஒரு பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் அதே ஆண்டு எழுதலாம். முடிவு வெளியான உடனே விண்ணப்பிக்க வேண்டும், கால அவகாசம் சில நாள்தான். விடைத்தாள் நகலுக்கும் அப்போதே கேளுங்கள்.