முதுகு ஊசியும் தலைவலியும்

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்கு இரண்டாவது சிசேரியன். முதல் தடவை முதுகில் ஊசி போட்ட மறுநாளிலிருந்து உட்காரவே முடியாமல் தலைவலியில் துடித்தாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் தலையைத் தூக்கியதால்தான் என்றார்கள். இந்த முறை வராமல் தடுக்க முடியுமா?
— வாசகி, திருவாரூர்

பதில்: தலையைத் தூக்கியதால் வந்த வலி இல்லை அம்மா அது. உங்கள் மகள் மீது எந்தத் தவறும் இல்லை. தண்டுவட நீரைத் தாங்கும் உறையைத் துளைத்துத்தான் மருந்து செலுத்துகிறோம். ஊசியை எடுத்த பிறகும் அந்தத் துளையில் நீர் கசிந்தால், எழுந்து உட்காரும்போது மூளை சற்றுக் கீழே இழுபடும். பிடரியும் நெற்றியும் விண்விண்ணென்று தெறிக்கும், படுத்தால் அடங்கும். 1898-ல் இந்த மயக்க முறையைத் தொடங்கிய ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கே, தன் முதுகில் சோதித்தபோது இதே வலி வந்தது.

ஆகவே துளை சிறிதாக இருக்க வேண்டும். ஊசியின் எண் கூடக்கூட அது மெலிது: 22 தடிமன், 25, 27 மெல்லியவை. அதைவிட முக்கியம் முனை. குவின்கி ஊசி உறையை வெட்டிக்கொண்டு போகும். விட்டேக்கர், ஸ்ப்ராட் ஊசிகளுக்குச் சீவிய பென்சில் போன்ற முனை. நார்களை விலக்கிக்கொண்டு நுழையும், மருந்து ஊசியின் பக்கவாட்டில் உள்ள துளை வழியே வரும். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் தலைவலி வெகுவாகக் குறைகிறது. மயக்க மருத்துவரை முன்கூட்டியே பார்த்து, "போன முறை தலைவலி வந்தது, பென்சில் முனை ஊசி போடுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். பல தடவை குத்தினால் துளைகளும் கூடும். மகள் தாடையை நெஞ்சில் பதித்து, முதுகை நன்றாக வளைத்து, அசையாமல் இருந்தால் ஒரே குத்தில் முடிய வாய்ப்பு அதிகம்.

24 மணி நேரம் தலையணை இல்லாமல் படுக்க வைப்பது இந்த வலியைத் தடுப்பதில்லை. சிசேரியனுக்குப் பிறகு அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும்.

மீறி வந்தால் பாராசிட்டமாலும் காபியும் ஓரளவு கேட்கும். உட்கார்ந்து பால் கொடுக்கவே முடியவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். கையிலிருந்து அவருடைய ரத்தத்தையே 20 மி.லி. அளவு எடுத்து, துளை இருக்கும் இடத்தருகே உறைக்கு வெளியே செலுத்தி அடைப்பார்கள். பலருக்கு அன்றே நிம்மதி கிடைக்கும்.

படுத்த பிறகும் வலி அடங்கவில்லை, காய்ச்சல், பார்வை மங்கல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, ரத்த அழுத்தம் எகிறுதல், இவற்றில் எது இருந்தாலும் ஊசித் தலைவலி என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் தலைவலியாகத்தான் தொடங்கும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.